ரொட்டிக்காரப் புலியும் பித்தளைக் கம்பியும்

என் தோஸ்து ரொட்டிக்காரன். ராயபுரத்து பேக்கரியிலிருந்து தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, ரயில்வே லைன் ஓரத்தில் இருக்கும், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லுகிற ஆங்கிலோ இந்தியர் வீடுகளுக்கு ரொட்டியும் பன்னும் கொண்டு போவான். ஒரு கை பெட்டியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை லுங்கியைப் பிடித்திருக்கும், கழுத்து தோளுக்குள் போயிருக்கும். பார்த்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆமைதான். அவன் ஆமையாக இருந்த வரைக்கும் எனக்கும் அவனுக்கும் ஒரு தகராறும் கிடையாது.

அந்தக் கோடையில் அவன் நடை மாறிவிட்டது. முதலில் பெட்டியைப் பிடித்த கை கீழே இறங்கியது. அப்புறம் கழுத்து வெளியே வந்தது. கொஞ்ச நாளில், பெட்டி தலையில் ஒட்டவைத்த மாதிரி அசையாமல் நிற்க, தோள் இரண்டும் தாழ்ந்து, பாதம் இரண்டும் சற்று வெளிப்பக்கம் பார்க்க, தெரு முழுக்கத் தனக்கு எழுதி வைத்த மாதிரி நடந்து வந்தான். குழாயடியில் பெண்கள் குடம் வழிவதுகூடத் தெரியாமல் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் என் அண்ணிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"ரொட்டிக்காரரப் பாத்தியா கொயுந்தனாரே? ராசா மாரி வர்றாரு. நீயும் வர்றியே, மயைல நனைஞ்ச கோயியாட்டம்."

"அவன் கய்த்துல சுளுக்கு அண்ணி. அதான் திருப்ப முடியாம வர்றான்."

"அந்த சுளுக்கு உனுக்கும் வந்தாத்தான் இன்னா?"

தெருவில் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்வது என் தொழில். அதற்குச் சம்பளம் கிடையாது என்பதால், துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டுகிற வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். கப்பலின் பக்கவாட்டில் பலகையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அதில் உட்கார்ந்து சுத்தியால் தட்டித் தட்டித் துருவை உதிர்க்க வேண்டும். மதிய ஷிப்டு. சங்கு ஊதின கால் மணிக்குள் கேட்டுக்குள் போகாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவனுக்கு இது போதும் என்று அம்மா சொல்லுவாள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவன் கழுத்து நீளுகிற வரைக்கும்.

கழுத்து மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். புலி விஷயத்திலும் கை வைத்தான்.

எங்கள் பக்கம் அல்லா பண்டிகைக்கு, அதாவது மொகரத்துக்கு, புலி வேஷம் போடுவோம். எந்த சாமியைக் கும்பிடுகிறவனும் போடலாம். தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் வஸ்தாதுதான் எங்கள் செட்டுக்குப் பெரியவர். செட்டில் பத்துப் பன்னிரண்டு புலி இருந்தாலும் முன்னால் போவது ஒரு புலிதான். தலைப்புலி. மற்ற புலிகள் குதிக்கலாம், உறுமலாம், சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தலாம். எலுமிச்சம்பழம் எடுப்பது மட்டும் தலைப்புலி. தரையில் பழம் இருக்கும். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் தூக்கி, இரண்டு கையையும் நகம் மாதிரி விரித்து, குனிந்து பல்லால் பழத்தைக் கவ்வி நிமிர வேண்டும். தூக்கிய கால் தரையைத் தொடக்கூடாது.

இதில் ஒரு சட்டம் உண்டு. தெருவின் வலது சாரி வீடுகளுக்கு வலது காலைத் தூக்கி எடுக்க வேண்டும். இடது சாரிக்கு இடது காலைத் தூக்கி எடுக்க வேண்டும். ஒரு சாரிக்கு எடுத்துவிட்டு அடுத்த சாரிக்கு எடுக்காமல் நகர்ந்தால், "எங்களுக்கு மட்டும் புலி வாலத்தான் காட்டுமா?" என்று செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

பழைய தலைப்புலிக்கு அந்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வால் கட்டிக்கொண்டு ஆடினால் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்வோம் என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இடம் காலி. அடுத்தது நான் என்று ஊருக்கே தெரியும். உறுமுவதில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. அந்த இடத்துக்காக நான் மூன்று பண்டிகை காத்திருந்தேன்.

கறிக்கடைக்குப் பின்னால் ஒருநாள் சாயங்காலம் பழகிக்கொண்டிருந்தோம். வஸ்தாது பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ரொட்டி, நீ தூக்கு பாப்போம்" என்றார். அவன் தூக்கினான். அந்தக் கால் இடுப்பைத் தாண்டிப் போனது. போய் அங்கேயே நின்றது. முட்டி மடங்கவில்லை. பாதம்கூடக் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அவன் நிதானமாகக் கீழே போய், பழத்தைக் கவ்விக்கொண்டு, நிதானமாக மேலே வந்தான். வஸ்தாதுவின் பீடி அணைந்திருந்தது.



"எங்கடா கத்துக்கின?" என்றேன் வீட்டுக்குத் திரும்பும்போது.

"ரொட்டிப் பொட்டி தூக்கறதுல தன்னால வந்துது மாமு."

"ஏன், நான் கப்பலே தட்டறேன். எனுக்கு ஏன் வர்ல?"

"உனுக்கு வாய் ஒண்டி வந்துக்குது" என்று சிரித்தான்.

அவன் டபாய்க்கிறான் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் மதியம் வேலைக்குப் போகிற வழியில் அவன் பின்னாலேயே போனேன். தலையில் பெட்டி இருப்பவன் திரும்பிப் பார்க்கமாட்டான், அது ஒரு வசதி.

நாலு வீட்டில் ரொட்டி கொடுத்தான். ஐந்தாவது வீட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை. அது ரயில் எஞ்சின் ஓட்டுகிற சட்டைக்காரர் வீடு. பக்கத்தில் காம்பவுண்டுச் சுவர், சுவரை ஒட்டிப் பூவரச மரம். ஏறி உட்கார்ந்தேன். எதிரே பெரிய ஜன்னல். உள்ளே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. பாட்டென்றால் வாய்ப்பாட்டு இல்லை, வெறும் பியானோ. தண்ணீர் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒரு பியானோ.

சுவரில் நீளமாக ஒரு பித்தளைக் கம்பி அடித்திருந்தது. ரயில் பெட்டியில் கைப்பிடித்து ஏறுவோமே, அதே கம்பி. கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து ஏலத்தில் எடுத்ததாம், பின்னால் தெரிந்துகொண்டேன். அதை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு மிஸ்ஸி நின்றாள். எங்கள் வயசுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால், அதே கம்பியை அதே மாதிரி பிடித்துக்கொண்டு, லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, நின்றுகொண்டிருந்தான் என் தோஸ்து. ரொட்டிப் பெட்டி மூலையில் அநாதையாகக் கிடந்தது.

இரண்டு பேரும் குதிகாலைச் சேர்த்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, முதுகு வளையாமல் முட்டியை மட்டும் மடக்கி இறங்கினார்கள். ஏறினார்கள். பியானோ இறங்கும்போது இவர்களும் இறங்கினார்கள். அப்புறம் வலது காலைத் தரையில் தேய்த்து முன்னால் நீட்டினார்கள். பக்கத்தில் நீட்டினார்கள். பின்னால் நீட்டினார்கள். அப்புறம் தூக்கினார்கள். இடது கால் ஆணி அடித்தது போல நின்றது, வலது கால் மட்டும் விதவிதமாக வேலை செய்தது. நடுவில் பாட்டு இழுக்க ஆரம்பித்தால் தோஸ்து ஓடிப்போய்ச் சாவி கொடுத்துவிட்டு, ஊசியைத் திரும்ப முதலில் வைத்துவிட்டு, ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதே பாட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. உள்ளறை வாசலில் மிஸ்ஸியின் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, கத்தியால் முறத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முட்டி வெளியே பாக்கணும் மேன்! உள்ளே இன்னா பாக்குது?" என்றாள் மிஸ்ஸி திரும்பாமலே.

"பாக்குது மிஸ்ஸி, பாக்குது."

"வயிறு உள்ளே! கழுத்து மேலே! ஆங், குட்!"

அந்த 'குட்' இருக்கிறதே, அது ஜன்னலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, சுவர்மேல் இருந்த என் நெஞ்சில் வந்து குத்தியது. என்னை யார் குட் என்று சொன்னார்கள்? மேஸ்திரி 'சீக்கிரம்டா' என்பான். அண்ணி 'போடா' என்பாள். பள்ளிக்கூடத்தில்கூட 'நில்லுடா பெஞ்சி மேல' என்றுதான் சொன்னார்கள். என்னோடு கோலி ஆடி, என்னோடு கடலில் குதித்து, என்னிடம் உதை வாங்கினவனை ஒரு மிஸ்ஸி குட் என்கிறாள். கையெட்டின பூவரசங்காயைப் பறித்து ஜன்னலைப் பார்த்து எறிந்தேன். அது ஜன்னல் கம்பியில் பட்டு வெளியே விழுந்தது.

பாட்டு முடிந்தது. அதே நேரம் துறைமுகத்துச் சங்கு ஊதியது. விழுந்தடித்து இறங்கி ஓடினேன். ஓடும்போது பின்னால் மறுபடி பியானோ கேட்டது. வேலை முடிந்து, சும்மா காதுக்கு இனிமையாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். இவன் அங்கே உட்கார்ந்து கட்லெட்டு தின்பான் என்றும் நினைத்தேன். அதை நினைத்தே அன்றைக்குத் துரு தட்டினேன். "கப்பல்ல ஓட்ட போடாதடா பேமானி!" என்று மேஸ்திரி மேலிருந்து கத்தினான்.

அதற்குப் பிறகு தினமும் பூவரசு. தினமும் ஒரே மாதிரிதான் நடந்தது. இடது கை கம்பியில், வலது கால் காற்றில், அதே பாட்டு திரும்பத் திரும்ப. அது முடிகிறபோது சங்கு, சங்குக்கு என் ஓட்டம். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அவன் ரொட்டிப் பெட்டிக்குள் உயிர் நண்டு ஒன்றை விட்டேன். பேக்கரியிலிருந்து அவன் கிளம்பும் முன்னே விட்டது. அது எந்த வீட்டிலோ பன்னோடு வெளியே வந்து, அந்த வீட்டம்மா நாற்காலிமேல் ஏறி நின்றாளாம். அதைக்கூட அவன் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவனுக்கு வந்தால் எனக்கும் வரும் என்று வீட்டிலேயே ஆரம்பித்தேன். எங்களுக்கு இருப்பது ஒரு அறை, அதற்கு வெளியே ஆள் படுக்கிற அளவு வாசல். வாசலில் அம்மா கருவாடு காயப்போட இரண்டு மூங்கிலை இழுத்துக் கட்டியிருந்தாள். ஒரு மூங்கில் என் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் கருவாட்டை ஒதுக்கிவிட்டு, இடது கையால் மூங்கிலைப் பிடித்து, பாதத்தைத் திருப்பி வைத்து, முட்டியை மடக்கினேன். மூங்கிலும் என்னோடு இறங்கியது. அதிலிருந்த கருவாடும் இறங்கியது. கீழே பூனைகள் தயாராக இருந்தன. தெருவில் அத்தனை பூனை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மூங்கிலை இறுக்கிக் கட்டினேன். அப்போதும் சரிவரவில்லை. பாட்டு இல்லாமல் கால் எப்போது எழுவது, எப்போது இறங்குவது என்று குழம்பியது. கிராமபோனுக்கு நான் எங்கே போவேன்? வாசலில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தேன். உலக்கை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணி, இடிக்கறப்ப ஒரு பாட்டும் பாடேன்."

"இன்னாத்துக்கு?"

"புலிக்கு."

"எனுக்குத் தெரிஞ்சதே ரெண்டுதான். தாலாட்டு, ஒப்பாரி. தாலாட்டு பாடினா புள்ள தூங்கிடும், அப்பால ராவெல்லாம் முயிச்சிகினு கெடக்கும். ஒப்பாரி வேணா பாடறேன்."

"இயுத்து இயுத்து பாடு. நடுவுல நிறுத்தாத."

அண்ணி குரலை எடுத்தாள். அவள் அப்பா செத்தபோது பாடினது. உலக்கை ஒன்று, இழுப்பு ஒன்று. ஐயோ, என்ன பொருத்தம்! அந்த இழுப்புக்கு முட்டி தானாக இறங்கியது. உலக்கை விழும்போது கால் தானாக நீண்டது. பியானோகூட இவ்வளவு சுத்தமாக வராது. நான் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை மேலே இழுத்துக்கொண்டு, வலது காலைப் பின்னால் தூக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் ஏழெட்டுப் பெண்கள். இரண்டு பேர் தலைமுடியை அவிழ்த்துவிட்டே வந்திருந்தார்கள். முன்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி மாரில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள்.

"யாருடி? உன் மாமியாளா? காலைல நல்லாத்தானே மார்க்கெட்டுக்குப் போனா!"

"யாரும் சாவல, அத்தே" என்றாள் அண்ணி உலக்கையை நிறுத்தாமல். "கொயுந்தனாரு ஆடறாரு. அதுக்கோசரம் பாடறேன்."

எதிர்வீட்டுக்காரி மூங்கிலைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவனுக்கு வேப்பிலதான் அடிக்கணும்" என்று சொல்லி, முடியை முடிந்துகொண்டு போனாள். அன்று முதல் தெருவில் என்னைக் கிண்டல் செய்ய எல்லோருக்கும் ஒரு பிடி கிடைத்தது. நான் கவலைப்படவில்லை. எனக்கு அவன் கால்தான் கண்ணில் நின்றது.

பண்டிகை நெருங்கும்போது என் வலது கால் போகிற உயரத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். பார்த்ததில் ஒரு அசைவு விடாமல் செய்தேன். இடது கை மூங்கிலில், வலது கால் வேலையில். அண்ணி ஒருநாள் கேட்டாள்:

"ஏன் கொயுந்தனாரே, அந்தக் காலு இன்னா பாவம் பண்ணிச்சி? அத்தத் தூக்கவே மாட்டியா?"

"வெள்ளக்கார ஆட்டம் அண்ணி. அவன் வலது கைலதானே எய்துறான், வலது கைலதானே திங்கறான். ஆட்டமும் வலதுலதான்."

"அப்ப எடது சாரிக்கு?"

"சோறு துன்னா ஒரு காலுக்கா போவுது? ரெண்டுக்கும் தன்னால போவும்."

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ரொட்டிக்காரன் எப்படிச் செய்கிறானோ அப்படியே செய்தால் ரொட்டிக்காரனுக்கு வருவதெல்லாம் எனக்கும் வரும். என் கணக்கு அவ்வளவுதான்.

பண்டிகைக்கு முந்தின வாரம் தெருவிலேயே வைத்து முடிவு செய்துவிடலாம் என்று வஸ்தாது சொல்லிவிட்டார். வர்ணம் கிடையாது. வாலும் சலங்கையும் மட்டும். வெயில் தாழ்ந்த நேரம் இரண்டு சாரி ஜனமும் வாசலுக்கு வந்துவிட்டது. தப்பட்டைக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். தோஸ்து பக்கத்தில் நின்று என் வாலைச் சரிசெய்தான். "சோக்கா ஆடு மாமு" என்றான். தட்டிவிட்டேன்.

முதலில் நான். உறுமினேன். நாலு பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் போனார்கள். வலது சாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தப்பட்டைக்குள் எங்கேயோ அண்ணியின் உலக்கை எனக்குக் கேட்டது. வலது கால் துறைமுகத்துக் கிரேன் மாதிரி எழுந்தது. எழுந்து நின்றது. முட்டி நேர், பாதம் கூர். குனிந்தேன், கவ்வினேன், நிமிர்ந்தேன். வலது சாரி முழுக்கப் பிகில் பறந்தது. எதிர்வீட்டுக்காரியே, "வேப்பில வேணாம்டி, நல்லாத்தான் கீறான்" என்றாள். வஸ்தாதுவைப் பார்த்தேன். பீடி அணைந்திருந்தது! தோஸ்து முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பாவி கைதட்டிக்கொண்டிருந்தான்.

இடது சாரிக்குத் திரும்பினேன். பழம் வைத்தார்கள். இடது காலைத் தூக்கினேன்.

அது என் காலே இல்லை. யாரோ சந்தையில் வாங்கி மாட்டிவிட்ட கால். முழங்கால் உயரத்துக்குமேல் வரமாட்டேன் என்றது. கீழே நின்ற வலது கால், இத்தனை நாள் ராஜாவாகக் காற்றில் திரிந்தது, நிற்கிற வேலையே தெரியாமல் நடுங்கியது. முன்பெல்லாம் இரண்டு காலும் ஒரே மாதிரி சுமாராக வரும். இப்போது ஒன்று கிரேன், ஒன்று விறகுக் கட்டை. குனிந்தேன். பழம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. ஜனம் "ஓ, ஓ" என்றது. வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனேன். பக்கத்தில் பானகம் கலக்கி வைத்திருந்த அண்டா வாயைத் திறந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தது.

அப்போது என் வலது பக்கத்தில் ஒரு உறுமல். தோஸ்து நாலே பாய்ச்சலில் வந்து, எனக்கும் அண்டாவுக்கும் நடுவில் தோளைக் கொடுத்து நின்றான். என் வலது கை தானாகப் போய் அவன் தோளைப் பிடித்தது. பிடித்த மறுநொடி உடம்பு நின்றுவிட்டது. இடது கால் எழுந்தது. போய்ப் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டேன். இடது சாரிக்காரர்கள் இது ஏதோ ஜோடிப் புலி புது வித்தை என்று நினைத்து, வலது சாரியைவிடச் சத்தமாகப் பிகில் அடித்தார்கள்.

வஸ்தாது ஏமாறுகிற ஆளா? பீடியை மறுபடி பற்றவைத்தார்.

"இன்னொரு புலியப் புட்சிகினு நிக்கற புலி எந்தக் காட்லடா கீது?" என்றார். தெருவே சிரித்தது. "ரொட்டி, நீ வா."

அவன் வலது சாரிக்கு எடுத்தான். இடது சாரிக்கும் எடுத்தான். எந்தக் கால் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. வஸ்தாது மாலையைத் தூக்கி அவன் கழுத்தில் போட்டார். அந்தக் கழுத்தில்தான்.

விழவிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பானகத்தில் குளித்துவிட்டு, அதையே ஒரு வேடிக்கையாக்கி, நாலு நாள் தெருவைச் சிரிக்கவைத்திருப்பேன். தோளைக் கொடுத்துவிட்டானே, அதற்கு நான் என்ன செய்வது?

சலங்கையைக் கழற்றிக்கொண்டு கறிக்கடைத் திட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் இரண்டு டம்ளர் பானகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாதி ஆட்டத்தக் கத்துக்கினு முயு ஆட்டம் ஆட வந்துட்ட" என்றான்.

"இன்னா பாதி?"

"தெனம் செவுத்து மேல குந்திகினு பாத்தியே, அதுல பாதி. மொத பாட்டு முடிஞ்சதும் சங்கு ஊதும், எகிறிக் குதிச்சி ஓடுவ. அப்பாலதான் ரெகார்ட திருப்பிப் போடுவோம். ரெகார்ட திருப்பினா நாங்களும் திரும்பி நிப்போம். அந்தப் பக்கப் பாட்டு பூரா எடது காலுக்கு."

பானகம் மூக்கில் ஏறிவிட்டது. "உனுக்குத் தெரியுமாடா? நான் குந்திகினு கீறது?"

"மொத நாளே தெரியும். பூவரசங்கா எறிஞ்சியே."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொல்லிக் கூப்ட்டிருந்தா இன்னா பண்ணிருப்ப? ரொட்டிக்காரன் மிஸ்ஸி கூட குதிக்கறான்னு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் தண்டோரா போட்டிருப்ப. அவங்கம்மா அப்பால என்ன உள்ள வுடுவாங்களா?"

மீதிப் பானகத்தைக் குடித்து முடித்தேன்.  அவன் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துத் தின்கிற மாதிரி வாயில் வைத்துக்கொண்டு, "நாயித்துக்கெயம வேல இல்லியே. வா" என்றான்.

போகக் கூடாது என்று சனிக்கிழமை வரை வைராக்கியமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை துவைத்த வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் கிளம்பினேன்.

வாசலிலேயே மிஸ்ஸியின் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "இவன்தானா? தினம் மரத்திலே என்னமோ உக்காருது. நான் பெரிய காக்கான்னு நெனச்சேன்" என்றாள். தோஸ்து சிரித்த சிரிப்பில் ரொட்டிப் பெட்டி கீழே விழப் பார்த்தது.

"கேலி பண்றதுக்கு வந்தியா, கத்துக்க வந்தியா மேன்?" என்றாள் மிஸ்ஸி.

"கத்துக்க மிஸ்ஸி." அந்த வார்த்தையைச் சொன்னபோது அண்ணி பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பாலே என்கிற இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டதால் வீட்டிலேயே பழகுகிறாளாம். கிராமபோனுக்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டும் என்றுதான் முதலில் ரொட்டிக்காரனை நிற்கச் சொன்னாளாம். ஒவ்வொரு அசைவுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று திரும்பினால் ரெகார்டு மாற்றவே பொழுது போய்விடுகிறது என்று, வலதுக்கு எல்லாம் ஒரு பக்கம், இடதுக்கு எல்லாம் மறுபக்கம் என்று அவளே வைத்துக்கொண்ட ஏற்பாடாம். இதை எல்லாம் ஒரு மாதிரி ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு, கம்பியைக் காட்டினாள். முன்னால் அவள். நடுவில் தலைப்புலி. கடைசியில் நான்.

பித்தளை சில்லென்று இருந்தது. மூங்கில் மாதிரி அது வளையவில்லை. பியானோ ஆரம்பித்தது. இடது கை கம்பியில், வலது கால் வேலையில். எனக்கு ஒவ்வொரு அசைவும் அத்துப்படி. ஆனால் எனக்கு முன்னால் அவன் முதுகு. அந்த நீளக் கழுத்து. அதற்கு முன்னால் மிஸ்ஸி இருக்கிறாளா என்பதுகூட அந்தக் கழுத்தை எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவள் திரும்பாமலே "குட், குட்" என்றாள். எனக்கா அவனுக்கா என்று சொல்லவில்லை. எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். பண்டிகையன்றைக்கும் இதே முதுகைப் பார்த்துக்கொண்டுதான் தெருத்தெருவாகப் போகவேண்டும் என்று நினைத்தபோது, தூக்கின காலால் அதை ஒரு உதை விடலாமா என்று தோன்றியது. எட்டுகிற தூரம்தான். பியானோ கேட்டுக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்தது. பழக்கத்தில் காது சங்கைத் தேடியது. சங்கு ஊதவில்லை. தோஸ்து போய் ரெகார்டைத் திருப்பிப் போட்டு, சாவி கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான்.

"அந்தப் பக்கம்" என்றாள் மிஸ்ஸி.

அவர்கள் இரண்டு பேரும் கம்பிப் பக்கமாகத் திரும்பி, வலது கையால் பிடித்துக்கொண்டார்கள். நானும் திரும்பினேன். திரும்பின பிறகுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. வெறும் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூவரசு. கடைசியில் இருந்தவன் முதலில் நிற்கிறேன். பார்த்துச் செய்ய ஒரு முதுகுகூட இல்லை. பின்னால் இரண்டு பேர், நான் பழகாத காலைத் தூக்குவதற்காக என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"முன்னாடி நிக்கணும்னியே மாமு" என்று காதோரம் குரல் வந்தது. "நட."

ஊசி கரகரத்தது. பியானோ படிக்கட்டில் முதல் படி இறங்கியது. சுவர்மேல் காலியாக இருந்த என் இடத்தைப் பார்த்துக்கொண்டே, சந்தையில் வாங்கின அந்தக் காலைத் தரையில் தேய்த்து முன்னால் நீட்டினேன்.

"முட்டி வெளியே பாக்கணும் மேன்!" என்றாள் மிஸ்ஸி.